பூஜையறைப் பித்தளைத் திருமேனிகள்: கறுத்தால், பச்சை பூத்தால், சிவந்தால் என்ன செய்வது?

சிலை கறுத்துவிட்டது என்றால் நம் கை தானாகப் புளியைத் தேடிப் போகிறது. ஆனால் கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிவது விளக்குப் புகையாக இருக்கலாம், உலோகம் தானே கறுத்ததாக இருக்கலாம், பட்டறையில் வேண்டுமென்றே ஏற்றிய நிறமாகவும் இருக்கலாம். முதலாவதற்குப் புளி தேவையே இல்லை. இரண்டாவதற்குப் பொருந்தும். மூன்றாவதை அது அழித்துவிடும். புளியைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு: துலக்கி முடித்த பிறகு ஆடை மடிப்பிலும் விரலிடுக்கிலும் தங்கிவிடும் புளி. வீட்டுச் சிலைகளில் காணும் பழுதுகளில் பெரும்பகுதி அழுக்கால் வந்தவை அல்ல. துலக்கியதாலும், சரியாக அலசாததாலும், ஈரத்தோடு பீடத்தில் வைத்ததாலும் வந்தவை.

அதனால் கீழே ஒவ்வொரு குறையையும் கண்ணில் படும் அடையாளத்தைக் கொண்டு பிரித்திருக்கிறோம். உங்கள் சிலையில் தெரிவது எது என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போகலாம். அதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

கை வைக்குமுன் மூன்று சோதனைகள்

முதலாவது உலோகம். ஒரு சிறு காந்தத்தைப் பீடத்தின் அடியிலும் முதுகிலும் வைத்துப் பாருங்கள். பித்தளை, வெண்கலம், ஐம்பொன் மூன்றுமே காந்தத்தில் ஒட்டாது. எங்கும் ஒட்டினால் அது மேலே பித்தளை முலாம் பூசிய இரும்பு. அடியில் மட்டும் ஒட்டினால் உள்ளே இரும்புத் திருகோ ஆணியோ இருக்கிறது, அந்த இடத்தில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். சுவாமிமலையில் ஸ்தபதிகள் வார்க்கும் ஐம்பொன் திருமேனியில் பெரும்பகுதி செம்புதான். அதோடு பித்தளையும் ஈயமும் சேரும், பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிய அளவில் இருக்கும். நிறம் வேறுபட்டாலும் மூன்றிலும் செம்பே முதன்மை, ஆகவே பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டாவது மேற்பூச்சு. கடையில் புதிதாக வாங்கிய சிலைகள் பலவற்றில் நிறமற்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் பீடத்தின் அடியில் ஒரு பொட்டளவு இடத்தைத் துடையுங்கள். பஞ்சு பிசுபிசுத்தால் பூச்சு இருக்கிறது. பூச்சு இருக்கும் சிலையைப் புளியோ பாலிஷோ வைத்துத் தேய்ப்பதில் பயனில்லை, அது உலோகத்தைத் தொடவே போவதில்லை. வெறும் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்துணியும் போதும்.

மூன்றாவது வயது. பாட்டன் காலத்துச் சிலை, யாருக்கும் வருடம் தெரியாது என்றால் அதைப் பழையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த பழுப்பும் கரும்பச்சையுமாக, வழவழவென்று, கையில் ஒட்டாமல் இருக்கும் மேற்படலம் அழுக்கல்ல. உலோகத்தின் மேல் காலம் போர்த்திய கவசம் அது. ஒருமுறை தேய்த்து எடுத்தால் திரும்ப வராது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிலைகளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்யவும் வேண்டும். அப்படிப்பட்டதில் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

முழுச் சிலையும் கறுத்திருக்கிறது

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், அதில் இரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு. பஞ்சைத் தோய்த்து முதுகுப்பக்கம் ஓரிடத்தில் துடையுங்கள்.

பஞ்சு கரேலென்று ஆகி அடியில் மஞ்சள் தெரிந்தால் அது புகைக்கரி. கற்பூரமும் எண்ணெய் விளக்கும் எரியும் இடத்தில் இது இயல்பு. சோப்புத் தண்ணீரே இதற்கு மருந்து, புளி வேண்டாம். விளக்கின் சுடர் சிலையின் முகமட்டத்திலிருந்து விலகி இருக்கட்டும், திரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுடரைச் சிறிதாக்குங்கள். புகை பாதியாகக் குறையும்.

பஞ்சில் ஒன்றும் வராமல், மேடான இடங்கள் மஞ்சளாகவும் பள்ளங்கள் மட்டும் ஒரே சீராகக் கறுப்பாகவும் இருந்தால், அது பட்டறையில் ஏற்றிய நிறம். ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று சொல்லி விற்பது இதைத்தான். நகையும் மடிப்பும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று செய்த வேலை. புளி பட்டால் திட்டுத்திட்டாகப் போய்விடும், பிறகு சிலை முழுவதையும் வெளுக்க வேண்டிவரும்.

பஞ்சில் ஒன்றும் வராமல் மேடு பள்ளம் எல்லாமே மங்கிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் மட்டுமே அது உலோகம் கறுத்தது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் கந்தகமும் செய்த வேலை. இதற்குத்தான் புளி.

பத்து அங்குலம் வரை உள்ள சிலைக்கு எலுமிச்சை அளவு புளி போதும். கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து, கோதும் கொட்டையும் நாரும் இல்லாமல் துணியில் வடிகட்டுங்கள். உப்பு சேர்க்காதீர்கள். உப்பும் புளியும் சேர்ந்தால் பளபளப்பு வேகமாக வருவது உண்மை. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு மடிப்புகளில் தங்கி, பின்னால் பச்சைக் களிம்புக்கு விதை போடும். முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டுத்தான் புளிக்கரைசலைப் பூச வேண்டும். பசையுள்ள இடத்தில் புளி பிடிக்காது, திட்டு விழும். விரலாலும் மென்துணியாலும் பூசி, கை, முகம், பீடம் என்று பகுதி பகுதியாகச் செய்யுங்கள். ஒரு பகுதிக்கு இரண்டு நிமிடம். ஊறப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது கூடவே கூடாது.

அடுத்து வருவதுதான் பலரும் விட்டுவிடும் படி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் மடிப்பு, காதோரம், விரலிடுக்கு, பீடத்தின் அடி எல்லாவற்றிலும் ஓட்டுங்கள். மிச்சமிருக்கும் புளிப்பை இது முறிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல். உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய குடிநீரோ, சேமித்த மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தி வேட்டித்துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே குறைந்தது ஒரு மணி நேரம் வைத்து, அவ்வப்போது சாய்த்து வையுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் பீடத்தின் உட்குழியிலிருந்து இன்னும் இரண்டு சொட்டு வரும். அந்த இரண்டு சொட்டுதான் மறுவாரம் பச்சையாகத் திரும்பி வருவது.

எலுமிச்சையும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் வேகமாக. சாம்பலும் செங்கல் பொடியும் பாத்திரத்துக்கு உரியவை. அவற்றின் மணல் துகள் சிலையின் கண்ணிமையையும் நகைக்கோடுகளையும் அராவிவிடும். இரும்பு நார், பச்சை நிறத் தேய்ப்பான் இரண்டும் அப்படியே. அம்மோனியா நெடி வீசும் திரவ பாலிஷ்களையும் தவிர்ப்பது நல்லது. அம்மோனியா பித்தளையை உள்ளுக்குள் விரிசல் விடவைக்கும். வார்த்த சிலைக்கு இந்த அபாயம் குறைவு. தகட்டை அடித்துச் செய்த கவசம், திருவாசி (சிலையைச் சூழ்ந்து நிற்கும் வளைவு), குடை போன்றவற்றுக்கு அதிகம், ஏனென்றால் அடித்த உலோகத்தில் இறுக்கம் தங்கியிருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களின் பக்கம் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாக விரிசல் விட்டதன் காரணம் இதுவே.

பிசுபிசுப்பு, தொட்டால் விரல் ஒட்டுகிறது

எண்ணெய்க்காப்புக்குப் பிறகு எண்ணெய் முழுதாகப் போகாமல் தூசியோடு இறுகியது. பூந்திக்கொட்டை ஐந்தாறை விதை நீக்கி அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்த நுரைத்தண்ணீரோ, அரப்புத்தூளோ போதும். பல மாதம் இறுகிப் பிசினாகிவிட்டதென்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கல் பதித்த சிலைக்கும் ஒட்டுவேலை உள்ள சிலைக்கும் இந்த வெந்நீர் முறை ஆகாது. எந்த எண்ணெயையும் ‘மெருகுக்காக’ சிலையில் விட்டுவைக்கக்கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

பச்சை பூத்திருக்கிறது

களிம்பு என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் பச்சையில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

*மெழுகு போன்ற பச்சை.* நகத்தால் வழித்தால் குழைந்து வரும், எண்ணெய் நெடி இருக்கும். கழுத்துமாலைக்கு அடியிலும் பாதத்தைச் சுற்றியும் காணலாம். எண்ணெய், நெய் நாட்பட்டால் அமிலமாகும். அந்த அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் ஒருவகைச் சவுக்காரம்தான் இது. சிலைக்கு உடனடி ஆபத்தில்லை. ஈர்க்குச்சியை நுனி மழுக்கி அதனால் வழித்தெடுத்துவிட்டு, மேலே சொன்ன பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவுங்கள். மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம், விளக்கெல்லாம் அணைத்த பிறகு, சன்னலைத் திறந்துவைத்து.

*கெட்டியான, மெல்லிய பச்சைப் படலம்.* சுரண்டினாலும் எளிதில் வராது, பொடியாகாது. ஈரம் தங்கியதால் மெதுவாக வந்தது. சாதாரணச் சிலையென்றால் முன்சொன்ன புளி முறையில் போய்விடும். பழைய சிலையென்றால் அப்படியே விடுங்கள்.

*வெளிர்பச்சைப் பொடி.* இதைத்தான் கவனிக்க வேண்டும். புள்ளி புள்ளியாக, மாவு போல, வெளிறிய பச்சையில் வரும். ஊசியால் தட்டினால் உதிரும், கீழே சிறு குழி இருக்கும். துடைத்தால் போய்விடும், மழைக்காலம் வந்தால் அதே இடத்தில் திரும்ப வரும். குளோரைடு உப்பு உலோகத்துக்குள் புகுந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு அரிக்கும் நோய் இது. மண்ணிலிருந்து எடுத்த சிலைகளிலும், கடலோரத்து வீடுகளிலும், உப்புப் போட்டுத் துலக்கிய சிலைகளிலும் வரும்.

உறுதி செய்ய ஒரு சோதனை: பொடியைத் துடைத்து நன்கு உலர்த்திய சிலையை, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் ஈரப்பஞ்சு, சிலையைத் தொடாதபடி. இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத் திறந்தால் அதே குழிகளில் புதிதாகப் பச்சை தெரிகிறதா? தெரிந்தால் நோய் உயிரோடு இருக்கிறது.

இதற்குப் புளி, எலுமிச்சை எதுவும் வைக்காதீர்கள், வேகம் கூடும். அபிஷேகத்தை நிறுத்துங்கள். மற்றச் சிலைகளிலிருந்து பிரித்து வையுங்கள். தொற்றும் என்பதால் அல்ல, ஈரமில்லாத தனி இடம் இதற்கு வேண்டும் என்பதால். பொடியை ஈர்க்குச்சியால் உலர்வாகவே எடுத்து, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அரிப்பு அடங்கிக் கிடக்கும். சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்தால் அளவு தெரிந்துவிடும். குணப்படுத்தும் மருந்துகள் நச்சுத்தன்மை உள்ளவை, வீட்டில் செய்யும் வேலையல்ல. உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம்தான் போக வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930களிலிருந்தே செப்புத்திருமேனிகளின் இந்த நோயோடு போராடிவரும் இடம்.

பச்சை எந்த வகையானாலும் ஒன்று: பச்சை பூத்த சிலையின் மேல் ஊற்றிய பாலையோ தயிரையோ எலுமிச்சைச் சாற்றையோ தீர்த்தமாக அருந்தக் கூடாது. புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். வார்ப்புப் பித்தளையில் ஈயம் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தீர்த்தத்துக்குத் தனிப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள்.

துலக்கிய பிறகு செம்பு நிறத்தில் சிவந்துவிட்டது

மஞ்சள் சிலை இளஞ்சிவப்பாகிவிட்டால் பயந்துபோகிறார்கள், ‘இது பித்தளையே இல்லை, ஏமாற்றிவிட்டான்’ என்று கடைக்காரரோடு சண்டைக்கும் போகிறார்கள். பித்தளைதான். புளியிலோ எலுமிச்சையிலோ அதிக நேரம் கிடந்ததால் மேற்பரப்பில் இருந்த துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் நிற்கிறது. பல சிலைகளை ஒரே புளித்தண்ணீரில் அடுத்தடுத்து முக்கினாலும் இது வரும். தண்ணீரில் கரைந்திருந்த செம்பு அடுத்த சிலையின்மேல் படிந்துவிடும்.

படலம் மெல்லியதாக இருந்தால், மிக நுண்ணிய சுண்ணப்பொடியை (சாக்குக்கட்டி மாவு, சுண்ணாம்பு அல்ல) தண்ணீரில் குழைத்து மென்துணியால் வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். சலித்தெடுத்த பசுஞ்சாண விபூதியும் உதவும், நறநறவென்று இருக்கும் விபூதி வேண்டாம். ஐந்து நிமிடம் தேய்த்தும் சிவப்பு போகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். துத்தநாகம் ஆழம் வரை போயிருக்கிறது, இனித் தேய்த்தால் உருவம்தான் தேயும். அந்தச் சிவப்பு சில மாதங்களில் தானாகப் பழுப்பாகி மற்ற இடத்தோடு ஒத்துப்போகும்.

துலக்கி ஒரு வாரத்தில் மறுபடி கறுக்கிறது

நன்றாகத் துலக்கி உலர்த்திய பித்தளை, மாதக்கணக்கில் மெல்லத்தான் மங்க வேண்டும். ஒரு வாரத்தில் மங்கினால் காரணம் ஒன்று இருக்கிறது. கண்டுபிடிக்கும் வரை திரும்பத் துலக்காதீர்கள், ஒவ்வொரு துலக்கலும் கொஞ்சம் உலோகத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறது.

மடிப்புகளில் மட்டும் கறுத்தால் புளிப்பு மிச்சம். சோடாத் தண்ணீரில் மறுபடி அலசுங்கள். விரல்ரேகை வடிவில் கறுத்தால் வியர்வை உப்பு. துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாமல் துணியோடு எடுத்து வையுங்கள். கோடு போலக் கறுத்தால் அங்கே ரப்பர் பேண்ட் கட்டியிருக்கிறது, ரப்பரிலுள்ள கந்தகம் வேலை செய்திருக்கிறது. பூச்சரத்தை நூலால் கட்டுங்கள். சிலை முழுக்கச் சீராகக் கறுத்தால் காற்றைச் சந்தேகியுங்கள்: கழிவறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் பூஜையறைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கின்றனவா? புதிதாகச் செய்த பிளைவுட் மாடமா? புதுப் பலகையும் பசையும் பல மாதங்களுக்குப் புளித்த ஆவியை விடும், கதவைத் திறந்துவைத்து ஆற விட வேண்டும்.

அபிஷேகம் செய்யும் வீட்டில் வரிசையும் நேரமும்தான் முக்கியம். பால் காய்ந்தால் புளிக்கும். பஞ்சாமிர்தத்தின் சர்க்கரை இடுக்கில் இறுகி ஈரத்தை இழுக்கும். இளநீரில் உப்புகள் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் இடையில் ஒரு செம்பு தண்ணீர் விடுவது சம்பிரதாயம் மட்டுமல்ல, உலோகத்துக்கும் அதுதான் காப்பு. கடைசிப் பொருள் விட்டுக் கால் மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாக அலசி, துடைத்து, உலர்ந்த பின் வஸ்திரம் சாற்றுங்கள். ஈரத்தோடு பட்டு சுற்றினால் துணிக்கு அடியில் பச்சை வரும், சாயமும் இறங்கும். தினசரி அபிஷேகத்துக்கு ஒரு சிறு திருமேனியை வைத்துக்கொண்டு, பெரிய திருமேனிக்கு விசேஷ நாட்களில் மட்டும் செய்வது கோயில்களில் உள்ள முறைதான், வீட்டுக்கும் பொருந்தும்.

அபிஷேகம் செய்யாத சிலை என்றால் மெழுகு பூசலாம். பட்டாணி அளவு நுண்படிக மெழுகை (மைக்ரோகிரிஸ்டலைன் வாக்ஸ்) மென்துணியில் எடுத்து மெல்லியதாகப் பூசி, பத்து நிமிடம் விட்டு, வேறு துணியால் மெருகேற்றுங்கள். ஆறு மாதம் தாங்கும். தேங்காய் எண்ணெய், நெய் இரண்டும் இதற்கு மாற்று அல்ல.

இடுக்குகளில் வெள்ளை

பாலிஷ் பொடி, விபூதி, அல்லது உப்புத்தண்ணீரின் கறை. முதல் இரண்டும் ஈர்க்குச்சிக்கும் பல்துலக்கிக்கும் வந்துவிடும். மூன்றாவது கெட்டியாக நிற்கும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டைப் பஞ்சுக்குச்சியால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு, அரை நிமிடத்தில் சோடாத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். குங்குமச் சிவப்பு போகாவிட்டால் ஆல்கஹால் பஞ்சு. செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் வார்ப்பின் நுண்துளைகளில் இறங்கிவிடும், அதனால் சந்தனம் இட்டு அதன்மேல் குங்குமம் வைப்பதே நல்லது.

வார்னிஷுக்கு அடியில் புள்ளிகளும் கோடுகளும்

பூச்சு கீறிவிட்டது, காற்று உள்ளே போய்விட்டது. மேலே எதைத் தேய்த்தாலும் பயனில்லை. பூச்சு முழுவதையும் அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் எடுத்துவிட்டு, சோப்பு, தேவையென்றால் புளி, அலசல், உலர்த்தல் என்று போக வேண்டும். அசிட்டோன் தீப்பற்றும், மொட்டைமாடியில் செய்யுங்கள். வண்ணம் தீட்டிய கண்ணும் திலகமும் இருந்தால் அவற்றையும் அழித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் உரிந்து வெள்ளை உலோகம் தெரிகிறது

இது முலாம். அடியில் அலுமினியமோ துத்தநாகக் கலவையோ இருக்கிறது. உள்ளே வெற்றிடமில்லாமல் கெட்டியாக வார்த்த சிலையென்றால் எடையால் உறுதி செய்யலாம். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் சிலையை மூழ்கவைத்து, வழியும் தண்ணீரை அளந்து பாருங்கள். பித்தளை என்றால் 850 கிராம் சிலைக்கு ஏறக்குறைய 100 மி.லி. வழியும். அலுமினியம் என்றால் அதே எடைக்கு 300 மி.லி.க்கு மேல். உள்ளீடற்ற சிலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முலாம் பூசியதற்குத் தண்ணீர்த் துணி மட்டும்தான். பூஜைக்கு அதில் குறையொன்றுமில்லை.

ஓரிடத்திலிருந்து மட்டும் ஈரமோ கறையோ கசிகிறது

மெழுகு வார்ப்பில் தமிழகத்துத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமில்லாமல் கெட்டியாக வார்ப்பவை. உள்ளீடற்று வார்த்தவற்றில் உள்ளே கருமண் (வார்ப்புக்காக நடுவில் வைத்த மண்) இருக்கும். வார்ப்பில் விழுந்த ஊசித்துளை வழியே அபிஷேகத் தண்ணீர் உள்ளே போய், நாள் கழித்து உப்போடு வெளியே வருகிறது. துளையைப் பசையால் அடைத்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். முதலில் வெயில் படாத, காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் ஒரு வாரம் உலர்த்துங்கள். அதன்பின் உருக்கிய தேன்மெழுகுத் துளியால் துளையை மூடலாம். அந்தச் சிலைக்கு இனி அபிஷேகம் வேண்டாம், ஈரத்துணியால் துடைப்பதே திருமஞ்சனம்.

ஆடுகிறது, திருவாசி கழன்றுவிட்டது, விரல் உடைந்துவிட்டது

கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பார்த்தால் ஆடுவது பீடமா, பீடத்தில் பொருத்திய திருமேனியா என்று தெரியும். பீடமென்றால் அடியில் மெல்லிய துணி அல்லது ஃபெல்ட். தட்டி நிமிர்த்தாதீர்கள், ஈயம் கலந்த வார்ப்பு வளையாது, உடையும். சாய்ந்த கையையும் அப்படித்தான் விட்டுவிட வேண்டும். திருவாசியின் காது தளர்ந்திருந்தால் துளையைச் சுத்தம் செய்து, மெல்லிய பித்தளைத் தகட்டுத் துண்டை ஆப்பாகச் செருகுங்கள். ஒட்டும் பசைகள் விளக்குச் சூட்டில் இளகும், இணைப்பில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், நாளை ஸ்தபதி பற்றவைக்க வந்தால் அவருக்கு முதல் தடையும் அதுதான். எப்போது தூக்கினாலும் பீடத்தின் அடியில் இரு கையும் கொடுத்துத் தூக்குங்கள். திருவாசியைப் பிடித்துத் தூக்கியே பெரும்பாலான நடராஜர்கள் விழுகிறார்கள்.

உடைந்த துண்டைத் தாளில் சுற்றிப் பெயரெழுதி வைத்துவிட்டு ஸ்தபதியிடம் போங்கள். தெருவில் பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுக்க வேண்டாம். உலோகம் எது, எங்கே சூடு தாங்கும் என்று தெரியாமல் வைத்த நெருப்பில் முகமே இளகிப் போகும். ஆகமம் பின்னத்தை, அதாவது சிலையின் உடைப்பை, பெரிய அங்கம், சிறிய அங்கம் என்று பிரித்தே பேசுகிறது. பிரதிஷ்டையான மூர்த்தியானால் பழுதுபார்க்குமுன் சாந்நித்தியத்தை (மூர்த்தியில் உறையும் தெய்வசக்தியை) கும்பத்துக்கு மாற்றும் சடங்கு உண்டு, அதை உங்கள் குருக்களிடமோ பட்டரிடமோ கேட்டுச் செய்யுங்கள்.

முகம் மழுங்கிவிட்டது

திரும்பக் கொண்டுவர வீட்டில் வழியில்லை. கண்ணும் உதடும் அரை மில்லிமீட்டர் ஆழக் கோடுகள்தாம். வாராவாரம் பொடி போட்டுத் தேய்த்தால் சில ஆண்டுகளில் போய்விடும். தேர்ந்த ஸ்தபதி உளியால் மீண்டும் கீறித் திறக்க முடியும். அதுவரை முகத்தில் பாலிஷ் படவே கூடாது. உடலைத் துலக்கினாலும் முகத்தை ஈரப்பஞ்சால் ஒற்றி எடுப்பதோடு விடுங்கள். கொஞ்சம் நிறம் மங்கிய முகம், மொழுக்கென்ற முகத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

குறை போலத் தெரிகிறது, ஆனால் குறையல்ல

துலக்கி முடித்து உற்றுப் பார்க்கும்போதுதான் இவை கண்ணில் படும்.

பிள்ளையாரின் ஒரு தந்தம் பாதியில் நிற்கும். அவர் ஏகதந்தர், முறிந்த தந்தம் பல வடிவங்களில் அவர் கையிலேயே இருக்கும். நடராஜரின் வலக்காதில் மகரக்குழையும் இடக்காதில் தோடும் இருப்பது வார்த்தவரின் பிசகல்ல, அம்மையும் அப்பனும் ஓருருவில் ஆடுவதன் அடையாளம். சிவகாமியின் வலக்கை விரல்கள் எதையோ பிடித்ததுபோல் குவிந்து வெறுமையாக இருந்தால் பூ உடைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கடக முத்திரை அது, அன்றன்று பறித்த மலரைச் செருகுவதற்காகவே வெறுமையாக வைத்தது. இராமரின் வில்லும் முருகனின் வேலும் தனியாகச் செய்து கையில் செருகுபவை. பழைய திருமேனியில் அவை இல்லாவிட்டால் அளவெடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம். பீடத்தின் நான்கு மூலையிலும் உள்ள துளைகளும் வளையங்களும் வீதியுலாவின்போது கம்பு செருகிக் கட்டுவதற்கு, அவற்றை அடைக்காதீர்கள்.

எல்லாரையும் ஒன்றாக இறக்கித் துலக்கும் வீடுகளில் இன்னொன்று நடக்கும்: பெருமாளின் இரு பக்கத்துத் தேவியர் இடம் மாறிவிடுவார்கள். ஸ்ரீதேவி பெருமாளின் வலப்பக்கம் (நமக்கு இடப்பக்கம்) நிற்பவள், மலர் இடக்கையில், மார்பில் கச்சு இருக்கும். பூதேவி அவருக்கு இடப்பக்கம், மலர் வலக்கையில், கச்சு இருக்காது. மலர் ஏந்திய கை இருவருக்கும் பெருமாள் பக்கமாகவே உயர்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கமாக உயர்ந்திருந்தால் இருவரையும் மாற்றி வையுங்கள்.